காற்றுக்குமிழியின் தடம்: பழைய டீசல் வண்டிகளில் விட்டுவிட்டு வந்த பழுதும் அதைக் கண்டறிந்த தொழிலும்

டீசல் இன்ஜினுக்குள் தீப்பொறி என்ற ஒன்று கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் 15 முதல் 22 மடங்கு வரை அழுத்திச் சுருக்கும்போது அந்தக் காற்று தானே கொதிப்பேறுவதும், அந்தச் சூட்டில் நுண்துளிகளாகப் பீய்ச்சப்படும் டீசல் பற்றிக்கொள்வதுமே அதன் இயக்கம். ஆகவே, ஓடிக்கொண்டிருக்கும் பழைய டீசல் வண்டி வழியில் நின்றுபோய், சிறிது நேரம் கழித்து ஒன்றுமே நடவாததுபோல மீண்டும் ஓடுமானால், காற்றும் அழுத்தமும் அவ்வாறு வந்து வந்து போகக்கூடியவை அல்ல என்பதால், டீசல் உரிய இடத்துக்கு உரிய அழுத்தத்தில் வந்து சேரவில்லை என்பதே பெரும்பாலும் எஞ்சும் காரணம். காரணம் இவ்வளவு எளிதாகச் சுருங்கிவிட்டாலும், அது எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்பதைத் தேடிய முயற்சி நூறாண்டு காலமாக ஒரு தனித் தொழிலறிவாக வளர்ந்திருக்கிறது. இன்ஜினின் வடிவம் மாறிய ஒவ்வொரு முறையும் பழுது தன் மறைவிடத்தை மாற்றிக்கொண்டது. அதைப் பின்தொடர்ந்த மெக்கானிக்கின் சோதனை முறையும் மாறியது. இந்தப் பின்தொடர்தலின் வரலாறு பெரும்பாலும் கைவழியாகவே கடத்தப்பட்டது என்பதனாலேயே, இன்ஜின்களின் வரலாற்றை எழுதியவர்கள் இதற்கு உரிய இடத்தைத் தரவில்லை.

ருடால்ஃப் டீசல் தம் காப்புரிமைக்கு 1892-ஆம் ஆண்டு பெர்லினில் விண்ணப்பித்து, 1893-இல் அதைப் பெற்றார். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகர இயந்திரத் தொழிற்சாலையில் அவர் உருவாக்கிய இன்ஜினை மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் 1897 பிப்ரவரியில் சோதித்தபோது, எரிபொருளின் ஆற்றலில் 26.2 விழுக்காடு பயனுள்ள வேலையாக மாறியது தெரியவந்தது. அக்காலத்து நீராவி இன்ஜின்கள் எட்டமுடியாத அளவு அது. ஆனால் அந்த இன்ஜினில் எரிபொருளை உள்ளே செலுத்தியது பம்பின் அழுத்தம் அன்று. தனியே ஒரு கம்ப்ரசர் அடைத்துத் தந்த அழுத்தக் காற்றே எண்ணெயை ஊதி உள்ளே தள்ளியது. கனமான அந்தக் கம்ப்ரசரைச் சுமந்துகொண்டு சாலையில் ஓடும் வண்டி எதுவும் சாத்தியமாகவில்லை. டீசல் இன்ஜின் பெரும்பாலும் தொழிற்கூடங்களிலும் கப்பல்களிலுமே வாழ்ந்தது. இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நிலையாக நிறுத்தப்பட்ட இன்ஜினின் அருகில் எப்போதும் ஒரு பொறியாளர் நின்றார்; அது தடுமாறினால் அவர் கண்முன்னேயே தடுமாறியது. விட்டுவிட்டு வரும் பழுது ஒரு புதிராக மாறியது, இன்ஜின் வண்டியில் ஏறி, அறிந்தவர் கண்ணுக்கு எட்டாத தொலைவில் ஓடத் தொடங்கிய பிறகுதான். அறிந்தவரிடம் வண்டி வந்து சேரும்போது பழுது அங்கே இருப்பதில்லை.

டீசலை வண்டியில் ஏற்றிய பெருமை சிறிய, துல்லியமான பம்பு ஒன்றைச் சாரும். ஜெர்மனியின் பென்ஸ், எம்.ஏ.என். ஆகிய நிறுவனங்கள் 1923, 1924 ஆண்டுகளிலேயே டீசல் லாரிகளைக் காட்டியிருந்தாலும், அவ்வகை வண்டிகள் பரவியது ஸ்டுட்கார்ட் நகரின் ராபர்ட் போஷ் நிறுவனம் 1927-இல் இன்ஜெக்‌ஷன் பம்புகளைத் தொடர் உற்பத்தியில் கொண்டுவந்த பின்னரே. பெட்ரோல் இன்ஜினுக்கான மேக்னெட்டோவையும் ஸ்பார்க் பிளக்கையும் விற்று வளர்ந்த நிறுவனம், அவ்விரண்டுமே வேண்டாத டீசல் பரவினால் தன் தொழில் என்னாகும் என்று எண்ணியே 1922-இல் இந்த ஆய்வில் இறங்கியது. அந்தப் பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளஞ்சரும், அது மேலும் கீழும் நகரும் பேரலும் உண்டு. பட்டறைகளில் இந்த இணையை எலிமென்ட் என்று அழைப்பது வழக்கம். இரண்டுக்கும் இடையிலான இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு அல்லது மூன்று பங்கு மட்டுமே, அதாவது தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியதால்தான் நூற்றுக்கும் மேற்பட்ட வளிமண்டல அழுத்தத்தில் டீசலைத் தள்ளி, நாசில் எனப்படும் தெளிப்பு முனையைத் திறக்க அதனால் முடிந்தது. அதே நெருக்கத்தால் தூசியையோ நீரையோ காற்றையோ அது தாங்கவில்லை.

மூன்றிலும் காற்றே மிகவும் ஏமாற்றக்கூடியது. டீசல் அழுத்தத்தில் அநேகமாகச் சுருங்காது, காற்று சுருங்கும். பிளஞ்சரின் முன் சிறு குமிழி வந்து நின்றுவிட்டால், பிளஞ்சரின் முழு உந்தலும் அந்தக் குமிழியை அழுத்துவதிலேயே செலவாகி, நாசில் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாமல் போகிறது; ஒரு சிலிண்டர் தவறுகிறது, குமிழிகள் தொடர்ந்தால் இன்ஜின் நிற்கிறது. குமிழி உள்ளே வருகிற வழியை அறிய, லாரியின் அமைப்பை நினைவில் கொள்ள வேண்டும். டீசல் டேங்க் சட்டத்தின் பக்கவாட்டில் தாழ்வாகத் தொங்குகிறது, பம்பு அதற்கு மேலே இன்ஜினோடு ஒட்டி நிற்கிறது. எனவே பம்பின் பக்கவாட்டில் பொருத்தப்பட்ட ஃபீட் பம்பு என்னும் சிறிய பம்பு டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி மேலேற்றி, பின் ஃபில்டர் வழியாகத் தள்ளிக்கொடுக்கிறது. ஃபீட் பம்புக்கு அப்பால் குழாயில் விரிசல் விழுந்தால் டீசல் கசிந்து தரையில் சொட்டும், யார் கண்ணுக்கும் தெரியும். ஃபீட் பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பகுதியில் விரிசல் விழுந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஈரமில்லாத, தூசி படிந்த, பார்வைக்குக் குற்றமற்ற குழாயே குற்றவாளியாக இருக்கும் இந்த முரணைப் புரிந்துகொள்வதுதான் டீசல் மெக்கானிக்கின் முதல் தேர்ச்சி எனலாம்.

தமிழ்நாட்டுக்கு இந்த அறிவு லாரியோடு மட்டும் வந்ததன்று. கிணற்றுப் பாசனத்துக்கும் அரிசி ஆலைகளுக்கும் பயன்பட்ட, ஆயில் இன்ஜின் என்று ஊர்கள் அழைத்த சிறு டீசல் இன்ஜின்களை ஓட்டிய விவசாயிகள், டேங்க் காலியாகி நின்ற இன்ஜினில் பம்பின் திருகைத் தளர்த்தி, நுரையோடு வரும் டீசல் நுரையற்றுத் தெளிவாக வரும் வரை விட்டு மறுபடி முறுக்கும் வேலையைத் தாங்களே செய்தார்கள். "ஏர் எடுப்பது" என்ற தொடர் அவர்கள் வாயிலும் மெக்கானிக் வாயிலும் ஒன்றாகவே வழங்கியது. விடுதலைக்குப் பின் எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு இணைந்து 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் டைம்லர்-பென்ஸ் ஒப்பந்தத்தில் 1954 முதல் லாரிகளைத் தயாரித்தது. சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் நிறுவனம் பெர்கின்ஸ் வகை டீசல் இன்ஜின்களைச் செய்தது. பெங்களூரில் 1951-இல் நிறுவப்பட்ட மைக்கோ, போஷ் வகைப் பம்புகளையும் நாசில்களையும் இந்நாட்டிலேயே உருவாக்கத் தொடங்கியது. ஜெர்மன் மரபும் ஆங்கில மரபும் ஒரே நெடுஞ்சாலையில் சந்தித்ததால், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரித் தொழிலோடு வளர்ந்த பட்டறைகள் இரண்டையும் ஒருசேரக் கற்றுக்கொள்ள நேர்ந்தது.

கற்ற விதமும் குறிப்பிடத்தக்கது. 1950-இல் நடுவண் அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழியே தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் பாடம் இடம்பெற்றது என்றாலும், பெரும்பாலோர் லாரியில் கிளீனராக ஏறியோ பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கும் பையனாகச் சேர்ந்தோ தொழிலுக்கு வந்தவர்கள். பம்பையும் நாசிலையும் பிரித்துச் சோதிக்கும் வேலை காலப்போக்கில் பொது மெக்கானிக்கிடமிருந்து பிரிந்து, சோதனை மேசை வைத்திருக்கும் பம்பு பட்டறைகளின் தனித் தொழிலாயிற்று. தூய்மையும் அளவுக்கருவியும் வேண்டிய வேலைக்கு இந்தப் பிரிவினை தேவையானதே. ஆனால் விட்டுவிட்டு நிற்கும் பழுதைப் பொறுத்தவரை அது ஒரு பெரும் வீண்செலவுக்கும் வழிவகுத்தது. வண்டி நிற்கிறது என்றதும் பம்பைக் கழற்றி மேசைக்கு அனுப்பினால், அங்கே டேங்கும் இல்லை, குழாயும் இல்லை, மேடும் இல்லை. தூய்மையான எண்ணெய் தடையின்றிக் கிடைக்கிறது. பம்பு குறையின்றி வேலை செய்கிறது. திரும்பி வந்து பொருத்தியதும் பழைய கதையே தொடர்கிறது. பம்பைக் கடைசியாகத் தொட வேண்டும் என்று வலியுறுத்திய மெக்கானிக்குகள் சொன்னதே சரி.

அத்தகையவர்கள் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் டிரைவரிடம் கேட்ட கேள்விகளில்தான் இத்தொழிலின் நுட்பம் அடங்கியிருக்கிறது. இன்ஜின் திணறித் திணறி நின்றதா, சாவியைத் திருப்பியதுபோலச் சட்டென்று நின்றதா என்பது முதல் கேள்வி. திணறல் டீசல் பட்டினியையோ காற்றையோ காட்டுகிறது, சட்டென்ற நிறுத்தம் வேறொன்றைக் காட்டுகிறது. நின்ற பின் உடனே ஓடியதா, ஆறிய பின் ஓடியதா, ஃபீட் பம்பைக் கையால் அடித்த பின்தான் ஓடியதா என்பது அடுத்தது. டேங்கில் டீசல் பாதிக்குக் கீழே இறங்கும்போது மட்டும் நிற்கிறது என்றால், டேங்கினுள் இறங்கும் உறிஞ்சு குழாயில் பாதி உயரத்தில் ஒரு துளை இருக்கக்கூடும். டீசலில் மூழ்கியிருக்கும் வரை அத்துளை தீங்கு செய்யாது, மட்டம் இறங்கியதும் காற்றை இழுக்கும். இரவு நிறுத்திவைத்த வண்டி காலையில் கிளம்பி ஒரு நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது என்றால், குழாயிலிருந்த டீசல் இரவெல்லாம் டேங்குக்கே வடிந்துபோய் அவ்விடத்தில் காற்று நிரம்பியிருக்கிறது என்று பொருள். நின்ற வண்டியை ஸ்டார்ட்டரால் சுற்றும்போது புகைபோக்கியில் வெண்புகை வந்தால் டீசல் சிலிண்டருக்கு வருகிறது ஆனால் எரியவில்லை என்றும், புகையே இல்லையென்றால் டீசலே வரவில்லை என்றும் அவர்கள் கொண்டார்கள். நோயாளியின் வாய்மொழியிலிருந்து நாடியை நோக்கிச் செல்லும் சித்த மருத்துவரின் முறைக்கு இது மிக நெருக்கமானது.

கேள்விகள் தந்த ஐயத்தை உறுதிசெய்ய இரு எளிய சாதனங்கள் போதுமானவையாக இருந்தன. ஒன்று, தூய டீசல் நிரப்பிய தனி கேன். அதை இன்ஜினுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராகப் பம்புக்கு இணைப்புக் கொடுத்து, திரும்பும் டீசலையும் கேனுக்கே விட்டு, வழக்கமாக நிற்கும் அதே பாதையில் வண்டியை ஓட்டிப் பார்ப்பது. நிற்கவில்லை என்றால் பழுது பம்புக்கு முன்னால்; நின்றால் பம்பிலோ அதற்குப் பின்னாலோ. நீண்ட பாதையை நடுவில் வெட்டி ஒரே சோதனையில் பாதியை ஐயத்திலிருந்து நீக்கிவிடும் இந்த முறையின் தருக்கம், மின்னணு ஆய்வுக்கூடங்களில் பின்னாளில் போற்றப்பட்ட தருக்கமேதான். மற்றொன்று, ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே செருகப்படும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய். ஓடும் இன்ஜினில் அக்குழாய் வழியே குமிழிகள் செல்வதைக் கண்ணால் காணமுடிந்தது. குழாயை டேங்கை நோக்கி இணைப்பு இணைப்பாகப் பின்னுக்கு நகர்த்தினால், எந்த இணைப்பைத் தாண்டியதும் குமிழி மறைகிறதோ அதுவே காற்று புகும் வாய். பெரும்பாலும் அது ஒரு தேய்ந்த செம்பு வாஷராகவோ, வெயிலில் இறுகி வெடித்த ரப்பர் குழாயின் முனையாகவோ, ஃபீட் பம்பின் கைப்பிடித் தண்டைச் சூழ்ந்த சிறு சீலாகவோ இருந்தது.

குமிழியே இல்லாமலும் டீசல் நின்றுபோவதுண்டு. டேங்கிலிருந்து டீசல் குறையக் குறைய அதன் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். மூடியிலோ டேங்கின் மேலோ அதற்கென உள்ள துளையைச் சேறு அடைத்துவிட்டால், டேங்கினுள் வெற்றிடம் வளர்ந்து, ஒரு கட்டத்தில் ஃபீட் பம்பின் உறிஞ்சலை வென்றுவிடுகிறது. வண்டி நிற்கிறது, சிறுகச் சிறுகக் காற்று கசிந்து உள்ளே போகிறது, அரைமணியில் மீண்டும் ஓடுகிறது. மூடியைத் திறக்கும்போது உஸ் என்று காற்று உள்ளே பாயும் ஒலியே சான்று. இதனினும் தந்திரமானது டேங்கினுள் மிதக்கும் துணிக்கிழிசலோ இலையோ பெயிண்ட் செதிளோ. இன்ஜின் ஓடும்போது அது உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்கிறது. இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் அற்றுப்போய்த் தானே விழுந்துவிடுகிறது. பழுதே தன் தடயத்தை அழித்துவிடுவதால், டேங்கை இறக்கிக் கழுவும் வரை அது அகப்படுவதில்லை. நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும் இத்தகைய அடைப்பை உண்டாக்கின. நியாயவிலைக் கடைக்கென நீலநிறம் சேர்த்து வழங்கப்பட்ட மண்ணெண்ணெயை டீசலில் கலந்த முறைகேடு, உயவுத்தன்மை குறைந்த அந்தக் கலவையால் பிளஞ்சர்களைத் தேய்த்தது.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளஞ்சர் கொண்ட பழைய வரிசைப் பம்பு இன்ஜின் ஓடுவதற்கு மின்சாரமே தேவைப்படவில்லை. அதை நிறுத்த டிரைவர் ஒரு கம்பியை இழுத்தார். ஸ்டார்ட் ஆன பின் பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் அது ஓடியது. இந்தத் தன்மை 1975-இல் போஷ் அறிமுகப்படுத்திய வி.இ. வகைச் சுழல் பம்போடு மாறத் தொடங்கியது. எல்லா சிலிண்டர்களுக்கும் ஒரே பிளஞ்சர் சுழன்று பங்கிட்டுத் தரும் இச்சிறு பம்பு, டீசல் காரைப் பரவலாக்கியது; அதன் தலையில் சோலினாய்ட் எனப்படும் மின்காந்த அடைப்பான் ஒன்று அமைந்தது. சாவி திறந்திருக்கும் வரை மின்சாரம் அந்த அடைப்பானைத் திறந்து வைத்திருக்கும். மின்சாரம் அற்றுப்போனால் அது டீசலை மூடிவிடும். இனி, அதிர்வில் தளர்ந்த ஒரு முனையம், களிம்பேறிய ஒரு ஃபியூஸ், தேய்ந்த சாவிப்பொறி ஆகிய எதுவும் ஓடும் டீசல் வண்டியைச் சட்டென்று நிறுத்தக்கூடியதாயிற்று. மெக்கானிக்குகள் சோலினாய்டு முனையத்திலிருந்து ஒரு கம்பியை இழுத்து டிரைவரின் கண்ணெதிரே சிறு விளக்கு ஒன்றைக் கட்டிவிட்டார்கள். வண்டி நிற்கும் கணத்தில் விளக்கும் அணைந்தால் பழுது மின்பாதையில், எரிந்துகொண்டே இருந்தால் டீசல் பாதையில். வரும்வரை காத்திருக்க முடியாத பழுதை, அது வரும்போது தானே சாட்சி சொல்லுமாறு செய்த இந்தச் சிறு விளக்கு இத்தொழிலின் மிக அழகிய கண்டுபிடிப்புகளுள் ஒன்று. சுழல் பம்பு தேய்ந்தபின் சூடேறிய டீசல் நீர்த்துப்போய்ப் பிளஞ்சரின் ஓரமாக ஒழுகிவிடுவதால், சூட்டில் நின்று மறுபடி ஓட மறுக்கும் வண்டியின் பம்பின்மீது ஈரத்துணியைச் சுற்றிக் குளிரவைத்துப் பார்ப்பதும், உடனே ஓடினால் பம்பு தேய்ந்தது என முடிவுசெய்வதும் அக்காலத்தில் வழக்கமாயின.

அமெரிக்காவில் இதே தேடல் வேறு திருப்பங்களைக் கண்டது. ஸ்டனடைன் நிறுவனத்தின் சுழல் பம்புகளில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எடைகளைத் தாங்கிய நெகிழ்பொருள் வளையம் காலப்போக்கில் பொடிந்து, அதன் துகள்கள் பம்பிலிருந்து டீசல் திரும்பும் துளையை அடைத்தன. அடைத்ததும் இன்ஜின் நின்றது. கலிபோர்னியாவில் 1993 அக்டோபரில் கந்தகமும் நறுமண ஹைட்ரோகார்பன்களும் குறைக்கப்பட்ட புதிய டீசல் விற்பனைக்கு வந்தபோது, அதுவரை பழைய டீசலில் ஊறிப் பருத்திருந்த நைட்ரைல் ரப்பர் சீல்கள் சுருங்கிப் பல வண்டிகளில் பம்புகள் கசியத் தொடங்கின. வண்டியில் எதுவும் மாறாமல், எரிபொருள் மட்டுமே மாறியதால் பழுது பிறந்த அரிய நிகழ்வு அது. 1994 முதல் ஜெனரல் மோட்டார்ஸின் 6.5 லிட்டர் இன்ஜினில் வந்த மின்னணுப் பம்பு இன்னொரு பாடம் கற்பித்தது. பம்பை இயக்கும் மின்னணுப் பெட்டி பம்பின் மேலேயே பொருத்தப்பட்டதால் இன்ஜின் சூட்டில் வெந்து விட்டுவிட்டு மௌனமாயிற்று. வண்டி நின்றது, ஆறியது, ஓடியது. அப்பெட்டியைக் கழற்றி, நீண்ட கம்பி இழுத்து, குளிர்காற்று படும் முன்பகுதியில் வெப்பம் கடத்தும் அலுமினியத் தகட்டின்மேல் பொருத்துவதே தீர்வு என்று சாதாரண மெக்கானிக்குகளும் உரிமையாளர்களும் கண்டுகொண்டார்கள்.

1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரோடு பயணிகள் வண்டிகளுக்கு வந்த காமன் ரெயில் முறையில், ஒரு பொதுக்குழாயில் ஆயிரம் வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் டீசல் தேங்கியிருக்க, கணினி ஒவ்வொரு நாசிலையும் மின்சாரத்தால் திறக்கிறது. நின்றுபோன கணத்தைக் கணினி குறித்துவைப்பதால் பழுது இனி ஒளியமுடியாது என்ற நம்பிக்கை பரவியது. கிராங்க் தண்டின் சுழற்சியை உணரும் சென்சார் சூட்டில் மௌனமாவது போன்ற மின்பழுதுகளில் அந்த நம்பிக்கை பெரும்பாலும் மெய்யானது. ஆனால் பொதுக்குழாயின் அழுத்தம் குறைந்தது என்று மட்டும், கணினி குறித்ததைப் படிக்கும் ஸ்கேனர் சொல்லும்போது, டேங்க் மூடியா, உறிஞ்சு குழாயா, ஃபில்டரா, பம்பா என்பதை அது சொல்வதில்லை. பட்டியலில் உள்ள பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகும் பழக்கம் இந்த இடைவெளியில்தான் பிறந்தது. அது வண்டிக்காரரின் பணத்தைத் தின்னும் பழக்கம், கண்டறிதல் அன்று. ஆகவே, கவனமான பட்டறைகளில் ஸ்கேனரைப் படித்து முடித்த மெக்கானிக், ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையில் உள்ள குழாயைக் கழற்றி, அவ்விடத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, இன்ஜினை ஓடவிட்டு, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்க்கிறார்.